கைப்பேசிக்குப் பின்னால் ஒரு சிலேட்டு

எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. கணிதம். கறுப்பு அங்கியோடு நான் நிற்கும் படம் வீட்டின் முன்னறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதை அங்கே மாட்டியது நானேதான். என் அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் தேங்காய்க் களத்தில் மட்டை உரித்தவர். அம்மாவும் அதே களத்தில் கொப்பரை காய வைத்தார். இருவருக்கும் கையெழுத்துப் போட வராது. ஆகவே, என் மகளை மூன்றாம் வகுப்பில் பாதியில் நிறுத்தி வீட்டில் வைத்தபோது, அது என்ன மாதிரி முடிவு என்று மற்றவர்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே நன்றாகத் தெரியும்.

காலையில் ஏழு நாற்பதுக்கு எங்கள் தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும். ஏழரைக்கெல்லாம் அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். நடிப்பு என்று முதலில் நினைத்தேன். இரண்டு முறை வேன் படியிலேயே வாந்தி எடுத்தாள். எங்கள் ஊர் அவிநாசியிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணுமில்லைங்க. பள்ளிக்கூடத்துல என்னன்னு பாருங்க" என்றார்.

பார்த்தோம். அவள் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளை எழுப்பிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பது அந்த வகுப்பில் வழக்கமாக இருந்திருக்கிறது. தினமும் நின்றிருக்கிறாள். அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். அதை அவள் இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை.

என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அழுது முடித்த பிறகு சொன்னார்: "துணி ரோலைப் பிரிச்ச உடனே நாங்க வெட்ட மாட்டோம். ஒரு நாள் விரிச்சுப் போட்டு வெச்சாத்தான் அது தன்ற அளவுக்கு வரும். அவசரப்பட்டு வெட்டினா, தெச்ச பிற்பாடு சுருங்கிப்போகும். பாப்பா கொஞ்ச நாள் ஊட்ல இருக்கட்டும்."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாளு?"

"அதுக்கு எங்கிட்ட டேப்பு இல்ல. நீதான் கணக்குப் படிச்சவ."

இப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வேலையை நான் விட்டேன். காலையில் வீட்டு வேலைகளை முடித்துவிட்டு அவளோடு உட்காருவேன். மதியம் அவள் படம் வரையும் நேரத்தில் கைப்பேசியில் தேடுவேன். பாடத்துக்குப் பஞ்சமில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அரசுப் பாடப்புத்தகங்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டே வரியாக இருக்கும் கதைப் புத்தகங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. பின்னங்களைத் தோசையை வெட்டிக் காட்டி விளக்கும் ஓர் அம்மாவின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் எங்கள் வீட்டில் தோசை முழுசாகத் தட்டுக்கு வரவில்லை. பின்னாளில் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வழி உண்டு என்று படித்ததும் எனக்கு உயிர் வந்தது.

பாடமெல்லாம் கிடைத்தது. அவளோடு விளையாட ஒரு பிள்ளைதான் கிடைக்கவில்லை.

நாங்கள் இருப்பது ஒரு லைன் வீட்டில். வரிசையாக ஆறு வீடு, பொதுவாக ஒரு வாசல். பிள்ளைகள் நான்கு மணிக்கு வேனில் வந்து இறங்குவார்கள், ஐந்து மணிக்கு டியூஷன் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசலில் விளையாட்டு. ஒரு ஞாயிறு மகள் போன வேகத்தில் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "நீ பெயிலா?" என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசலுக்குப் போவதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி விளையாட்டைப் பார்ப்பாள், எண்ணிக்கை தவறினால் உள்ளிருந்தே முணுமுணுப்பாள். எனக்குக் கணக்கு சொல்லித்தர வரும், தமிழ் சொல்லித்தர வரும். ஒரு சிநேகிதியை எங்கிருந்து கொண்டுவருவது?

வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களின் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. சேருவதற்கு ஒரு படிவம். எல்லாம் ஆங்கிலம். அதில், "உங்கள் கல்விக் கொள்கை என்ன?" என்று ஒரு கேள்வி. ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். கடைசியில், "நான் பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு" என்று எழுதி அனுப்பினேன். கேட்ட கேள்விக்கும் என் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்று இப்போது புரிகிறது. இருந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். நல்லவர்கள்தான்.

அந்தக் குழுவில் பெங்களூர், சென்னை, பம்பாய்க்காரர்கள் நிறைய. மரப் பொம்மைகள், மலையேற்றம், வீட்டுத் தோட்டத்தில் ஆமை. தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதது பற்றி அவர்கள் பேசும்போது அதில் வெட்கம் துளியும் இருக்காது. அது எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பள்ளிக்கூடம் என்பது அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடந்த பொருள். வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். மூன்று வாரம் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

பிறகு ஒருநாள், வருவது வரட்டும் என்று தமிழிலேயே எழுதினேன். "கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் யாராவது இருக்கிறீர்களா? என் மகளுக்கு எட்டு வயது. பாடம் வேண்டாம். பேசுவதற்கு ஒரு பிள்ளை வேண்டும்."

மாலைக்குள் இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். ஒருவர் பெருந்துறை தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பில் இருப்பவர், இரண்டு பையன்களின் அப்பா. இன்னொருவர் உடுமலைப்பேட்டைக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், தென்னந்தோப்புக் குடும்பம், எட்டு வயதில் ஒரே மகள். அவர் எழுதவில்லை, குரல் அனுப்பியிருந்தார். "ஏனுங்க, நானும் உடுமலைல இருந்து தேடிக்கிட்டே இருக்கறனுங்க. அந்தக் குரூப்ல அவங்க பேசற இங்கிலீசு எனக்கு ஒண்ணும் வெளங்கறதில்லைங்க. நீங்க தமிழ்ல போட்டதைப் பாத்துத்தான் எனக்கு மூச்சே வந்துதுங்க."

நாங்கள் மூன்று குடும்பமும் தனியாகக் குழு தொடங்கினோம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பிள்ளைகள் காணொளியில் கூடுவது என்று முடிவானது. பெருந்துறை அண்ணனுக்கு அன்றுதான் வார விடுமுறை. அவர் அரைமணி நேரம் வினாடி வினா நடத்துவார். பிறகு பத்து நிமிடம் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம்.

அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

முதல் செவ்வாய்க்கிழமை. ராகி டப்பாவின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். மகளுக்குத் தலை பின்னிப் பூ வைத்து எதிரே உட்கார வைத்தேன். திரையில் உடுமலைப் பெண் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் பெரிய கூடம், தேக்குத் தூண், நடுவில் வெயில் விழும் தொட்டிக்கட்டு முற்றம். அந்த மாதிரி வீட்டின் பின்வாசலில் நின்று என் அப்பா கூலி வாங்கியிருக்கிறார். முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை. அந்தத் தூணைப் பார்த்த நொடியில் என் மகள் இவர்கள் முன்னால் ஒரு கேள்விக்கும் திணறக் கூடாது என்று தோன்றியது. அவளுடைய பழைய சிலேட்டை எடுத்துக்கொண்டு கைப்பேசிக்குப் பின்னால் போய் நின்றேன்.

கேள்வி வரும். நான் சாக்பீஸால் விடையை எழுதித் தூக்கிப் பிடிப்பேன். அவள் எழுத்துக் கூட்டிச் சொல்லுவாள். எல்லாம் சரியான விடை. "பாப்பா கெட்டிங்க" என்றார் பெருந்துறை அண்ணன். எனக்கு உச்சி குளிர்ந்தது.

பத்து நிமிட அரட்டையில் பையன்கள் இருவரும் உடுமலைப் பெண்ணோடு ஒரு நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் அவசரமாக, "உனக்குப் பிடித்த நிறம் என்ன?" என்று எழுதிக் காட்டினேன். அவள் அதை அப்படியே வாசித்தாள். "பச்சை" என்றாள் உடுமலைப் பெண். அதோடு பேச்சு நின்றுபோனது.

இப்படி நான்கு வாரம் ஓடியது. சாக்பீஸ் தூள் என் சேலையெல்லாம் அப்பியது. செவ்வாய்க்கிழமை காலையில் மகள் பல் துலக்க நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதை நான் கவனித்தேன், அது எதனுடைய தொடக்கம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் அண்ணன் விலங்குகளைப் பற்றிக் கேட்டார். "முதலை முட்டை போடுமுங்களா, குட்டி போடுமுங்களா? அவிநாசிப் பாப்பா சொல்லுங்க."

பின்னால் அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. என்ன நினைத்தேனோ, "குட்டி" என்று எழுதித் தூக்கினேன். மகள் வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். சிலேட்டைப் பார்த்தாள். "குட்டி" என்றாள்.

உடுமலைப் பெண் சிரித்துவிட்டாள். "முட்டைங்க மாமா. எங்கூர் டேமுகிட்ட முதலைப் பண்ணை இருக்குது, நான் பாத்திருக்கேன்." பிறகு முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்தாள். "அவளுக்கும் தெரியும். மொதல்ல 'மு'ன்னு வாயெடுத்தா. அப்புறம் அக்கட்டப் பாத்துப்போட்டு மாத்திட்டா. எப்பவும் அக்கட்டத்தான் பாக்கறா. அங்க யாரு இருக்கறாங்க?"

நான் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். என் மகள் என்னைப் பார்த்தாள். எழுதிக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"எங்கம்மா. சிலேட்டு வெச்சிருக்கறாங்க" என்றாள்.

அந்தக் குழுவில் அவள் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

பெருந்துறை அண்ணன் தொண்டையைக் கனைத்தார். அப்போது உடுமலைப் பெண் தாழ்ந்த குரலில், "எங்கம்மாவும்தான். அவங்க நோட்டுல எழுதிக் காட்டுவாங்க. இங்க பாரு" என்று கைப்பேசியைத் திருப்பினாள். எதிர்ப்பக்கத்துத் தேக்குத் தூணுக்குப் பின்னால், முந்தானையை இடுப்பில் செருகி, கையில் விரித்த நோட்டோடு உடுமலை அக்கா நின்றிருந்தார். அதில் கொட்டை எழுத்தில் 'முட்டை' என்று இருந்தது. அவர் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சரிங்க," என்றார் அண்ணன், "பிள்ளைங்க எல்லாம் பாசு. பெத்தவங்க ரெண்டு பேரு காப்பியடிச்சு மாட்டிக்கிட்டாங்க."

என் மகள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. பருப்பு தீய்ந்த வாசனை வந்தது, அதைச் சாக்காக வைத்து அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.

மதியம் உடுமலை அக்கா கூப்பிட்டார். அவர்தான், "எனக்கு எட்டாவதுக்கு மேல உடலைங்க" என்று ஆரம்பித்தார். "பதினெட்டுல கட்டிக் குடுத்துட்டாங்க. நீங்க பி.எஸ்சி.ன்னு மொத நாளே சொன்னீங்க. உங்க பாப்பா ஒண்ணு உடாம டக்கு டக்குன்னு பதில் சொல்லுது. எம்புள்ள முழிச்சா, தாய்க்குப் படிப்பில்லை, அதான்னு நெனைப்பீங்கன்னு பயந்துபோட்டேனுங்க."

நான் அவருடைய தூணைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். அவர் என் பட்டத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார். நடுவில் இரண்டு சின்னப் பிள்ளைகள் விடை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அக்கா, நானும் அதுக்குத்தான் எழுதினனுங்க," என்றேன்.

"சரி உடுங்க. என்ற புள்ள இன்னைக்கி உங்க பாப்பாவைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கறா. சனிக்கிழமை கூட்டிக்கிட்டு வாங்களே. முதலைப் பண்ணைக்கிக் கூட்டிப் போலாம்."

"டேமுலயே பாத்துக்கலாமுங்க. நாங்க நேரா அங்க வந்தர்றோம்."

"எதுக்குங்க டேமுல? ஊடு இருக்குதுல்ல. சாப்பிட்டுப்போட்டுப் போலாம்."

வேறு சாக்கு சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் என் மகள் எல்லோருக்கும் எதிரில், எழுதிக் காட்ட ஆளில்லாமல், உண்மையைச் சொன்னாள். அதே நாளில் நான் சாக்கு சொல்வதா என்று இருந்தது.

"எங்கப்பா உங்க பக்கந்தானுங்க. தேங்காய்க் களத்துல மட்டை உரிச்சவரு. உங்க ஊடு மாதிரி ஊட்டுக்குள்ள எங்காளுங்க போனதில்லைங்க. சாப்பாடெல்லாம் போடறேன்னு கூப்பிடறீங்க. தெரிஞ்சுதான் கூப்பிடோணும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"என்ற மாமியா இருக்கறாங்க," என்றார் கடைசியில். "எந்த ஊரு, எந்தப் பக்கம்னு கட்டாயம் கேப்பாங்க. பழைய ஆளு. நான் என்னன்னு சொல்லட்டும்னு நீங்களே சொல்லுங்க."

"உள்ளதைச் சொல்லுங்க."

"முன்னாடியே சொல்லிப்போடறனுங்க. மூஞ்சியைத் தூக்கினா அவங்க பாடு. கூப்பிட்டது நானு. சனிக்கிழமை வாங்க." வைக்கும் முன், "இந்தத் தடவை யாரும் எழுதிக் காட்ட வேண்டாமுங்க," என்றார்.

மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு வழக்கமில்லை, வார்த்தையும் சரியாக வரவில்லை. "முதலை முட்டைதான் போடும்," என்றேன். "எனக்குத் தெரியும்மா," என்றாள். சிலேட்டை வாங்கித் துடைத்து, அதில் ஒரு முதலை வரைந்தாள். கீழே வரிசையாக எட்டு முட்டை.

சனிக்கிழமை காலையில் திருப்பூர் போய், பஸ் மாறி உடுமலைக்குப் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தென்னை மரங்களை எண்ணப் பார்த்தாள், நானூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டாள்.

வாசலிலேயே அந்தப் பெண் காத்திருந்தாள். வணக்கமோ அறிமுகமோ இல்லை. "சீக்கிரம் வா, நாய் குட்டி போட்டிருக்குது," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே ஓடினாள். என் மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவளைக் கூப்பிடத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

உடுமலை அக்கா நேரில் இன்னும் ஒல்லியாக இருந்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் கூடத்தில் உட்கார வைத்தார். மாமியார் நாற்காலியில் இருந்தார். எந்தக் களம் என்று கேட்டார், சொன்னேன். அப்பா இன்னும் இருக்கிறாரா என்று கேட்டார், இருக்கிறார் என்றேன். "ம்" என்றார். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். மதியம் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. அவருக்கு எப்போதும் தனியாகத்தான் சாப்பாடு என்று அக்கா சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். நான் தோண்டிக் கேட்கவில்லை. எங்களுக்கு இலை போட்டு, அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிள்ளைகள் சாப்பிட வந்தது, முதலைப் பண்ணைக்குப் போனது, திரும்பி வந்தது, எல்லாவற்றிலும் என் மகளின் குரல் மற்றக் குரல்களுக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில்கூட அவள் இவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. முதலைக்கு நாக்கு உண்டா இல்லையா என்று இரண்டும் சண்டை போட்டுக்கொண்டன. எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை. யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

நாலரைக்கு பஸ். நான்கு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு, "கெளம்பலாம் கண்ணு," என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். வைக்கோல் மேல் நாய்க்குட்டிகளுக்குப் பக்கத்தில் என் மகள் சுருண்டு படுத்திருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "என்ன சாமி?"

"வயிறு வலிக்குதும்மா," என்றாள். "பஸ்ல ஏறினா வாந்தி வரும். நாளைக்கிப் போலாம்."

சிரிப்பை அடக்கியதில் அவள் உதட்டோரம் துடித்துக்கொண்டிருந்தது. அவள் தலைமாட்டுப் பக்கம், கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற உடுமலைப் பெண், இன்னும் நன்றாக நடி என்று அவளுக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.